புயல் ராத்திரியில் கருவி ஏன் ஊமையாகிறது?

3 டிசம்பர் 2024. இந்த இணைய இழையில் மேலூரிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி

"ஃபெஞ்சல் புயல் கரை ஏறின ராத்திரி பூரா போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு ஆப்பில் காற்று 40, இன்னொன்றில் 75. மூன்றாவது ஆப் கடைசியாகப் புதுப்பித்ததே 3 மணி நேரத்துக்கு முன்னால். தலைக்கு மேல் சாட்டிலைட், கடலில் மிதவை, கரையில் ரேடார் என்று இவ்வளவு இருந்தும் ஏன் இப்படி? கருவி போதவில்லை என்பதுதான் என் முடிவு. ஊராட்சிக்கு ஒன்று வைத்துவிட்டால் தீர்ந்தது. அப்புறம், கடலுக்கு 100 கி.மீ. உள்ளே இருக்கிற மதுரைக்காரனுக்கு இதில் என்ன கவலை என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?"

4 டிசம்பர், இரவு

வீட்டில் கேட்டதற்கு முதலில் பதில். ஃபெஞ்சல் 30ஆம் தேதி இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை ஏறியது. மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் மழை. எல்லோரும் அதையே பேசினோம். ஆனால் 2ஆம் தேதி காலைக் கணக்கில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. அது கிருஷ்ணகிரி மாவட்டம். புதுச்சேரியிலிருந்து 140 கி.மீ. உள்ளே. நாம் கடலுக்கு இருக்கும் தூரத்தை விட அதிகம். கரை ஏறினால் புயல் செத்துவிட்டது என்று டிவியை அணைத்துவிடுகிறோம். சாவது காற்றுதான். மழை நடந்துகொண்டே இருக்கும்.

கருவி போதவில்லை என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. போதாதுதான், ஆனால் அது இரண்டாவது பிரச்சினை. இருக்கிற கருவி, தேவைப்படுகிற அந்த மூன்று நான்கு மணி நேரத்தில் வாய் மூடிக்கொள்கிறதே, அதுதான் முதல் பிரச்சினை. நாளை விரிவாக எழுதுகிறேன், இப்போது டூட்டி.

5 டிசம்பர்

நான் செல்போன் டவர் பராமரிப்பில் 19 வருடமாக இருக்கிறேன். வானிலை படித்தவன் இல்லை. மாடியில் ஒரு சின்ன நிலையம் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் 2018இல் பார்த்த ஒன்று இன்றுவரை மனதை விட்டுப் போகவில்லை.

நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை ஏறியது. அன்று மாலை மதுரையிலிருந்து எங்கள் குழு கிளம்பியது. திருப்பத்தூர், புதுக்கோட்டை வழியாகப் பேராவூரணி. மூன்று மூன்றரை மணி நேர ரோடு. மறுநாள் மத்தியானம்தான் போய்ச் சேர்ந்தோம். ரோடு முழுக்கத் தென்னை. ஒன்றை அறுத்துத் தள்ளினால் இருபதடியில் அடுத்தது. கடைசி இரண்டு கிலோமீட்டர் வண்டியை விட்டுவிட்டு டீசல் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தோம்.

டவருக்குப் போகிற வழியில் ஒரு அலுவலக வளாகம். சுற்றுச்சுவர் விழுந்து கிடந்தது. உள்ளே ஒரு தானியங்கி வானிலை நிலையம். கம்பம் சாயவில்லை. சோலார் பேனல் மேல் ஒரு தென்னை மட்டை குறுக்கே கிடந்தது. காவலுக்கு இருந்த பெரியவரிடம் கேட்டுவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே எறும்பு. ஈரம் இல்லை. பச்சை விளக்கு பத்து நொடிக்கு ஒருமுறை கண் சிமிட்டியது. மல்டிமீட்டரை வைத்தேன், 11.4 வோல்ட். உயிரோடு இருந்தது. அழுத்தம் எவ்வளவு இறங்கியது, காற்று எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குத் திரும்பியது, மழை எத்தனை மணிக்கு வலுத்தது, எல்லாவற்றையும் ராத்திரி பூரா அளந்து நினைவகத்தில் எழுதி வைத்திருந்தது. அனுப்பத்தான் முடியவில்லை. அதற்குள் ஒரு சிம் இருந்தது. அந்த சிம் தேடிய டவரைத்தான் உயிர்ப்பிக்க நான் கேனோடு வந்திருந்தேன்.

இது ஏன் நடக்கிறது என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். புயல் நெருங்கும்போது மின்கம்பி அறுந்து ஆள் சாகக்கூடாது என்று கரண்டை முன்கூட்டியே நிறுத்துவார்கள். அது சரியான முடிவு. ஆனால் அந்த நிமிடத்திலிருந்து டவர் பேட்டரியில் ஓடுகிறது. பேட்டரி நன்றாக இருந்தால் 4 மணி நேரம், மிஞ்சிப்போனால் 6. அப்புறம் ஜெனரேட்டர். ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும், டீசல் கொண்டுபோக ரோடு வேண்டும். இரவு 9 மணிக்குக் கரண்ட் போய், 2 மணிக்குப் புயலின் கண் வந்தால், கணக்குப் போட்டுப் பாருங்கள். மிகத் தேவையான நேரமும் பேட்டரி தீருகிற நேரமும் ஒன்றாக வந்து நிற்கும்.

6 டிசம்பர்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். எல்லா நிலையமும் சிம்மை நம்பியிருப்பது போல எழுதிவிட்டேன். அப்படி இல்லை என்று ஒருவர் சுட்டிக்காட்டினார், சரிதான். வானிலைத் துறையின் பழைய தானியங்கி நிலையங்கள் பல இன்சாட் செயற்கைக்கோள் வழியாகப் புனேவுக்கு அனுப்புபவை. மணிக்கு ஒருமுறை, தனக்கென்று ஒதுக்கிய நொடியில் ஒரு சின்னச் செய்தி. டவர் செத்தாலும் அது போகும். புதியவை சிம்மில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்புகின்றன.

அதாவது வேகமானது புயலில் சாகிறது, சாகாதது மெதுவாக இருக்கிறது. இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். சிம் மூன்று முறை முயன்று தோற்றால் செயற்கைக்கோளுக்கு மாறட்டும். படமும் வரைகோடும் வேண்டாம். அழுத்தம், காற்று, மழை என்று மூன்று எண். முப்பது நாற்பது எழுத்தில் முடிந்துவிடும்.

6 டிசம்பர், பின்னிரவு

40, 75 பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். இரண்டுமே பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஒன்று சராசரி, இன்னொன்று கணநேர வீச்சாக இருக்கலாம். சராசரி எடுப்பதிலும் நாட்டுக்கு நாடு வழக்கம் வேறு. நம் துறை 3 நிமிடச் சராசரி, அமெரிக்கர்கள் 1 நிமிடம், உலக வானிலை அமைப்பு சொல்வது 10 நிமிடம். ஒரே புயலுக்கு மூன்று எண் வரும். அத்தோடு பல ஆப்கள் அளந்ததைக் காட்டுவதில்லை, கணினி மாதிரி கணித்ததைக் காட்டுகின்றன. எது அளந்தது, எது கணித்தது என்று எழுதிக் காட்டினாலே பாதிக் குழப்பம் தீரும்.

8 டிசம்பர்

"ரேடார் இருக்கும்போது தரையில் கருவி எதற்கு?" என்று ஒத்தக்கடை நண்பர்.

மதுரைக்குக் காரைக்கால் ரேடார் 218 கி.மீ. திருவனந்தபுரம் ரேடார் 200 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல், நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை. ரேடார் கதிர் நேராகப் போகிறது, பூமி வளைகிறது. அரை டிகிரி சாய்வில் விட்ட கதிர் காரைக்காலிலிருந்து இங்கே வருவதற்குள் நாலரை கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்விடும். மேகத்தின் தலை தெரியும், அடியில் ஊற்றுவது தெரியாது. ராமநாதபுரத்திலும் ஏற்காட்டிலும் ரேடார் வைக்கப்போவதாக மாநில அரசு அறிவித்தது. ராமநாதபுரத்தில் ஒன்று முழுவீச்சில் ஓடினால் நமக்கு அந்தக் கதிர் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் கிடைக்கும். பெரிய வித்தியாசம்.

ஆனால் ரேடாரும் புயலில் விழும். 2014 அக்டோபரில் ஹுத்ஹுத் விசாகப்பட்டினத்தில் ஏறியபோது அந்த ஊர் ரேடார் நடுவிலேயே நின்றுபோனது. கண்ணுக்கு நேர் எதிரே நின்ற ரேடார் அது.

9 டிசம்பர்

மழைமானி பற்றிக் கேட்டவர்களுக்கு. இது நீளும்.

தானியங்கி மழைமானிக்குள் இருப்பது ஒரு ஏற்றப்பலகை. இரண்டு பக்கமும் சின்னக் கரண்டி. ஒன்று நிறைந்தால் சாய்ந்து கொட்டும், மற்றது நிமிரும். ஒவ்வொரு சாய்வும் ஒரு எண்ணிக்கை. பல கருவிகளில் ஒரு சாய்வு 0.2 மி.மீ.

போன அக்டோபர் 25 நினைவிருக்கிறதா? டானா புயல் ஒடிசாவில் ஏறிய நாள். நாடே அங்கே பார்த்துக்கொண்டிருந்தது. அன்று பகல் 3 மணிக்கு மதுரையில் 15 நிமிடத்தில் 4.5 செ.மீ. கொட்டியது. செல்லூர் தண்ணீரில் நின்றது. 45 மி.மீ. என்றால் 225 சாய்வு, அதாவது 4 நொடிக்கு ஒன்று, இடைவிடாமல் கால் மணி நேரம். கரண்டி சாய்ந்து திரும்புகிற அரை நொடியில் விழுகிற தண்ணீர் கணக்கில் சரியாக ஏறாது. மழை வலுக்க வலுக்கக் கருவி குறைத்துச் சொல்லும். காற்றும் சேர்ந்தால் துளிகள் சாய்வாகப் பறந்து புனல் வாயைத் தாண்டிப் போய்விடும். ஆகப் புயலில் தானியங்கி சொல்வது பெரும்பாலும் உண்மையை விடக் குறைவு.

இதெல்லாம் கருவி சுத்தமாக இருந்தால். என் மாடியில் அன்று என்ன நடந்தது தெரியுமா? மழை அடித்துக்கொண்டிருக்கிறது, திரையில் 0.0. நனைந்துகொண்டே ஏறிப் பார்த்தேன். புனலின் கழுத்தில் ஒரு வேப்பங்கொட்டை, அதைச் சுற்றி மைனா எச்சம் காய்ந்து சிமெண்டு போல இறுகியிருந்தது. புனல் நிறையத் தண்ணீர் குளம்போல நிற்கிறது. குச்சியால் குத்தினேன். மளமளவென்று இறங்கியது, கரண்டி தடதடவென்று அடித்தது. அந்தப் பதிவைத் தனியாகப் பார்க்கிறவனுக்கு 3.10 வரை மழையே இல்லை, 3.11க்கு வானம் பிளந்தது என்று தோன்றும்.

10 டிசம்பர்

அதனால் தானியங்கிக்குப் பக்கத்தில் ஒரு கைமானி இருக்க வேண்டும் என்கிறேன். 16 செ.மீ. வாய் உள்ள பிளாஸ்டிக் புனல், அடியில் ஒரு கேன். அந்த வாயின் பரப்பு 201 சதுர செ.மீ. ஆக 1 மி.மீ. மழைக்கு 20 மில்லி தண்ணீர் சேரும். 100 மில்லி பிடிக்கிற டீ கிளாஸ் ஒன்று நிறைந்தால் 5 மி.மீ. இதைப் பத்து வயதுப் பிள்ளை அளக்கும்.

கள்ளந்திரி, தனியாமங்கலம், சிட்டம்பட்டி, இடையபட்டி, புலிப்பட்டி என்று பேப்பரில் மழை அளவு வருகிறதே, அவையெல்லாம் வருடக்கணக்காக ஆட்கள் அளந்து கொடுப்பவைதான். அந்த வேலைக்கு நான் தலை வணங்குகிறேன். குறை ஒன்றுதான். காலையில் ஒருமுறை அளந்தால் அது நேற்றைய கதை. கண்மாய் உடையப் போகிறதா என்று இரவு 1 மணிக்குத் தெரிய வேண்டும்.

12 டிசம்பர், மாலை

மன்னார் வளைகுடாப் பக்கம் தாழ்வு நிலை. காலை 10 மணிக்கு என் போனின் அழுத்தமானி 1000.6 மில்லிபார். இப்போது மாலை 4 மணி, 997.4. ஆறு மணி நேரத்தில் 3க்கு மேல் இறக்கம். தாழ்வு நெருங்குகிறது என்று நினைக்கிறேன். போனில் அழுத்தமானி உள்ளவர்கள் எல்லோரும் உங்கள் எண்ணைப் போடுங்கள்.

13 டிசம்பர்

நேற்று நான் முடிவுகட்டியது தவறு. முழுமையாகத் திரும்பப் பெறுகிறேன். வெப்பமண்டலத்தில் அழுத்தம் தினமும் கடிகாரம் போல ஏறி இறங்கும். காலை 10, இரவு 10 உச்சம். விடியல் 4, மாலை 4 தாழ்வு. வானம் தெளிவாக இருந்தாலும் இந்த 3 மில்லிபார் ஆட்டம் உண்டு. ஒப்பிட வேண்டியது முந்தின நாள் அதே மணியோடு. அப்படிப் பார்த்தால் என்னுடையது 0.8தான் குறைவு. என் பதிவை நம்பி யாராவது பயந்திருந்தால் மன்னிக்க வேண்டும்.

இன்னொன்று, உயரம். மதுரை கடல் மட்டத்துக்கு 100 மீட்டர் மேலே. எட்டரை மீட்டருக்கு ஒரு மில்லிபார் வீதம் 11, 12 குறைவாகத்தான் காட்டும். கொடைக்கானல் நண்பர் தன் போனில் 800க்குக் கீழே காட்டுவதாகப் பதறி எழுதியிருந்தார். அண்ணே, அது மலை, புயல் இல்லை.

இவ்வளவு குழப்பம் இருந்தும் அழுத்தத்தை நான் விடமாட்டேன். காற்றை மாடியில் அளப்பது வீண். தரையிலிருந்து 10 மீட்டரில், சுற்றித் திறந்தவெளியில் அளக்க வேண்டியது அது. என் காற்றுமானி தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. தொட்டியில் மோதித் திரும்புகிற காற்றையும் சேர்த்துத்தான் அது சொல்கிறது. ஆனால் அழுத்தம் வீட்டுக்குள்ளும் வெளியிலும் ஒன்றுதான். சட்டைப் பையில் வைத்தே அளக்கலாம். நேற்று இதே நேரத்தை விட எவ்வளவு இறங்கியது என்ற ஒரே எண்ணை நூறு வீட்டிலிருந்து வாங்கினால், தாழ்வின் மையம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது தெரியும்.

15 டிசம்பர்

ராமேஸ்வரத்து அண்ணன் கோபமாக எழுதியிருக்கிறார். மிதவைகளை மீனவர்கள் கெடுக்கிறார்கள் என்று முந்தாநாள் ஒருவர் போட்டதற்குப் பதில். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

வங்கக் கடலில் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் நங்கூரமிட்டு வைத்திருக்கிற மிதவைகள் காற்று, அழுத்தம், அலை, கடல் வெப்பம் எல்லாம் செயற்கைக்கோள் வழியாக அனுப்புகின்றன. 2013 பைலின் புயலில் அவை கொடுத்த பதிவுகள் பெரிய உதவி. அமெரிக்காவில் புயலுக்குள்ளேயே விமானத்தை ஓட்டி, கருவிகளை மேலிருந்து போடுகிறார்கள். நம் கடலில் அந்த வழக்கம் இல்லை. மேகத்தின் வடிவத்தைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்து வலிமையை மதிப்பிடுகிற டுவோராக் முறைதான் நமக்கு அடிப்படை. அதனால் கடலில் நேராக அளக்கிற ஒவ்வொரு மிதவையும் தங்கம்.

அண்ணன் சொல்வது இது: மிதவை நிழலில் மீன் கூடும், அது எல்லா மீனவருக்கும் தெரியும். நடுக்கடலில் மீன் கூடுகிற இடத்துக்குப் படகு போகத்தான் செய்யும், கயிறு கட்டத்தான் செய்யும். அந்த மஞ்சள் உருண்டை தன் உயிரைக் காக்கிறது என்று அவனிடம் வந்து சொன்னது யார்? 2017 ஒக்கி புயலில் ஆட்களைப் பறிகொடுத்த மீனவர்கள் கேட்கிற கேள்வி. என்னிடம் எதிர்வாதம் இல்லை.

படகுகளில் இருவழித் தொடர்புக் கருவி பொருத்துகிற வேலை நாடு முழுக்கத் தொடங்கியிருக்கிறது. அதோடு ஓர் அழுத்தமானியும் சேர்ந்தால் ஒவ்வொரு விசைப்படகும் ஒரு மிதவை. எச்சரிக்கை வாங்கத்தான் மீனவன் என்று இல்லாமல், கொடுக்கவும் அவனே இருப்பான். அண்ணனுக்கு இது பிடித்திருக்கிறது. தன் படகில் வைக்கத் தயார் என்கிறார்.

22 டிசம்பர்

இன்றோடு தனுஷ்கோடி போய் 60 வருடம். 1964, இதே ராத்திரி. பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் தனுஷ்கோடி ஸ்டேஷனை நெருங்கியபோது சிக்னல் செயலிழந்திருந்தது. நின்று பார்த்துவிட்டு வண்டி இருட்டில் மெல்ல முன்னேறியது. அலை அடித்துக்கொண்டு போய்விட்டது. நூறு பேருக்கு மேல்.

பழைய பாம்பன் பாலத்தில் பின்னாளில் ஒரு காற்றுமானி வைத்தார்கள். காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தொட்டால் சிக்னல் தானே சிவப்பாகிவிடும். யாரும் யாருக்கும் போன் செய்ய வேண்டாம், யாரும் ஆப் பார்க்க வேண்டாம். அளந்த இடத்திலேயே வேலை நடந்துவிட்டது. மதுரையில் ரயில் பாதைக்கு அடியில் ரோடு போகிற கர்டர் பாலத்துக்குக் கீழே தண்ணீர் இரண்டடி ஏறினால் தானாக இறங்குகிற ஒரு தடுப்புக் கம்பி வைத்தால் எப்படி இருக்கும் என்று இன்று பூரா யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

18 ஜனவரி 2025

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவிடம் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். "உங்க தாத்தா வாசல்ல கெடக்குற உரலப் பாத்துத்தான் சொல்லுவாரு, குழி நெறஞ்சிருச்சு, ரெண்டு உழவு மழைன்னு" என்றது. உரலின் வாயை அளந்து பார்த்தேன். குழி உள்ளே குறுகிக்கொண்டே போகிறது, நேர்க்கணக்கு வராது. ஆனால் ராத்திரியில் அரிக்கேனைப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை எழுந்து பார்ப்பாராம். பார்த்துவிட்டுக் கண்மாய்க் கரைக்கு ஆள் அனுப்புவாராம்.

2 பிப்ரவரி

1400 தானியங்கி மழைமானி, 100 வானிலை நிலையம் என்று மாநில அரசு அறிவித்த திட்டம் பற்றி மேலூர்த் தம்பி திரும்பக் கேட்கிறார். "எண்ணிக்கை வந்தாச்சே, இப்பவாவது ஒத்துக்கொள்ளுங்கள்."

சரி, ஒத்துக்கொள்கிறேன். எண்ணிக்கை இரண்டாவது பிரச்சினை என்று டிசம்பரில் எழுதியது கொஞ்சம் அவசரம். அக்டோபர் 25 மாதிரி ஒரு மழை நாலு கிலோமீட்டர் அகலத்தில் முடிந்துவிடுகிறது. இடைவெளி இருபது கிலோமீட்டர் என்றால் அது நடந்ததே தெரியாது. நெருக்கமாக வேண்டும்தான்.

ஆனால் என் தொழில் எனக்குக் கற்றுத் தந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஈய பேட்டரிக்குச் சூடு ஆகாது. பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி. சித்திரை வெயிலில் இரும்புப் பெட்டிக்குள் கை வைத்துப் பார்த்திருக்கிறேன், சுடும். அப்படி இரண்டு கோடை கண்ட பேட்டரி மூன்றாவது ஐப்பசியில் வெறும் கூடு. வெயில் இருக்கிற நாளில் பேனல் ஊட்டிக்கொண்டே இருப்பதால் தெரியாது. மூன்று நாள் தொடர்ந்து மூடாக்குப் போட்டால்தான் தெரியும். மூன்று நாள் மூடாக்குப் போடுவது எப்போது? புயலில்தான். வோல்ட் மட்டும் பார்த்துவிட்டு 'நன்று' என்று எழுதாதீர்கள். லோடு கொடுத்து, அதாவது மின்சாரத்தை இழுக்கவிட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நிலையத்துக்கும் புரட்டாசியில் அரை மணி நேரம் போதும். புனலைத் துடைக்க, லோடு டெஸ்ட் பண்ண, மேலே வளர்ந்த கிளையை வெட்ட.

21 செப்டம்பர் 2025

புரட்டாசி பிறந்து ஐந்தாவது நாள். என் பெட்டியைத் திறந்தேன். சும்மா இருக்கும்போது 12.7 வோல்ட். 2 ஆம்பியர் லோடு கொடுத்தேன், இருபது நிமிடத்தில் 11.2. தூக்கிவிட்டுப் புதுசு போட்டாயிற்று. புனல் கழுத்தில் வலை வைத்திருக்கிறேன், மைனா வேறு இடம் பார்க்கட்டும்.

இந்த இழையில் பேசியவர்களில் ஆறு பேர் புனலும் கேனும் வைத்துவிட்டார்கள். பேசி வைத்திருப்பது இதுதான். கனமழை எச்சரிக்கை வந்த இரவுகளில் 10, 12, 2, 4 மணிக்கு அளவு. டேட்டா போனாலும் எஸ்எம்எஸ் கடைசி வரை முட்டி மோதிப் போகும், அதனால் எஸ்எம்எஸ்ஸில் இடம், மணி, மில்லிமீட்டர், நேற்று இதே நேரத்திலிருந்து அழுத்த வித்தியாசம். வேறு ஒரு எழுத்தும் வேண்டாம். 10 மணிக்கு எல்லோரிடமும் வாங்கித் தொகுப்பது மேலூர்த் தம்பி. 12 மணிக்குக் கள்ளந்திரி வாத்தியார். 4 மணிக்கு நான், எப்படியும் டூட்டிக்கு எழுந்துவிடுவேன்.

2 மணிக்கு இன்னும் ஆள் இல்லை. ஒத்தக்கடை, சிட்டம்பட்டிப் பக்கம் ராத்திரி ஷிப்டு பார்க்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். புனலும் டீ கிளாசும் நானே கொண்டுவந்து தருகிறேன்.